லாலாங் புல்லும் அதனை ஒழிக்கும் முறையும்

ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிவோரிடம் சென்று "லாலாங்கைத் தெரியுமா?" என்று வினவினால் அவர்கள் நகைப்பார்கள். மறுநடவு செய்த நிலத்தில் கன்றுகளுக்கிடையே இடுப்பளவு வளர்ந்து, காற்றடிக்கும்போது வெண்ணிறப் பூங்கதிர்களை அலையலையாக அசைக்கும் அப்புல்லைக் காணாதவர் நம்மிடையே இலர். ஆயினும் காண்பது வேறு, அறிவது வேறு. லாலாங்கின் உடலில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் கிடக்கிறது. இவ்வுண்மையை மனத்திற்கொள்ளாமல் செய்யப்படும் வேலை கத்தியால் செய்யப்பட்டாலும், நெருப்பால் செய்யப்பட்டாலும், நஞ்சு மருந்தால் செய்யப்பட்டாலும் சில வாரங்களில் வீணாகிவிடும். அதே நிரையில், அதே புல்லின் முன், அதே தொழிலாளி மீண்டும் நிற்க நேரிடும். ஆகவே அப்புல்லை அடையாளங் காணும் விதத்தையும், அதனை அடக்கும் வழியையும், அவ்வேலையில் ஈடுபடுவோர் தம் உடலைக் காத்துக்கொள்ள வேண்டிய முறையையும் இங்குக் காண்போம்.

புல்லின் வரலாறு

லாலாங் நம் நாட்டிற்கு அண்மையில் வந்தேறிய புல் அன்று. ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளில் அது தொன்றுதொட்டு வளர்ந்து வருகிறது. தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் இம்பெராட்டா சிலிண்ட்ரிக்கா என்பதாகும். இலங்கையில் இதனை இலுக்கு என்பர். தமிழ்நாட்டில் தர்ப்பை எனச் சடங்குகளில் பயன்படுத்தப்படும் புல் வகைகளுள் இதுவும் ஒன்று. நமது நாட்டுச் சீன மருந்துக் கடைகளில் இதன் நிலத்தடித் தண்டு விற்கப்படுவதைக் காணலாம். கரும்போடு சேர்த்துக் காய்ச்சி, உடற்சூட்டைத் தணிக்கும் பானமாக அதனை அருந்துகின்றனர். எனவே முற்றிலும் பயனற்ற புல் என்று இதனைப் பழிப்பதற்கில்லை. ஆனால் களைக்கொல்லி தெளிக்கப்பட்ட தோட்டத்து லாலாங்கைத் தோண்டி எடுத்து அவ்வாறு காய்ச்சிக் குடிப்பது அறவே கூடாது.

அடர்ந்த காடு இருந்தவரையில் லாலாங்கிற்கு இங்கு இடமில்லை. வெயிலின்றி அது வாழாது. காடு வெட்டப்பட்டு மண் வெயிலைக் கண்டபோதுதான் அதற்கு வாழ்வு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர், ஜொகூர்ப் பகுதிகளில் கேம்பியரும், மலாக்கா, நெகிரி செம்பிலான் பகுதிகளில் மரவள்ளியும் பெருமளவில் பயிரிடப்பட்டன. மண்ணின் சத்து தீர்ந்ததும் பயிரிட்டோர் நிலத்தைக் கைவிட்டு வேறிடம் சென்றனர். அவ்வாறு கைவிடப்பட்ட நிலங்களை லாலாங் பற்றிக்கொண்டது. 1977ஆம் ஆண்டில் உலகின் மிகக் கொடிய களைகளை ஆராய்ந்து வரிசைப்படுத்திய அறிஞர்கள் இதற்கு ஏழாம் இடம் அளித்தனர். 1990ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, ஆசியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 50 லட்சம் ஹெக்டர் நிலம் லாலாங் வெளியாகக் கிடந்தது.

அடையாளம் காணும் விதம்

பூத்து நிற்கும் லாலாங்கை எவரும் எளிதில் கண்டுகொள்வர். 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீண்டு, பட்டுப்போல் மென்மையாக, வெண்ணிறத்தில் இருக்கும் அதன் கதிர் வேறெந்தப் புல்லோடும் எளிதில் மயங்காது. இடர்ப்பாடு எல்லாம் பூவாத இளம்புல்லில்தான். அது நிலத்திலிருந்து ஓரிரு இலையாகத் தலைநீட்டும் பருவத்திலேயே கண்டுகொண்டால் வேலை எளிது. கண்டுகொள்ளாமல் விட்டால் அவ்விடம் முழுதும் அதற்கே சொந்தமாகிவிடும்.

முதலில் இலையை நோக்குக. லாலாங்கின் இலைகள் நிலத்திலிருந்தே நேராக எழுந்து நிற்கும். ஒன்றரை அல்லது இரண்டு சென்டிமீட்டர் அகலமும், வளர்ந்த பின் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்டிருக்கும். ஓர் இலையைக் கையில் எடுத்து நடுநரம்பைப் பார்த்தால், அது வெள்ளையாகத் தடித்து, இலையின் சரிநடுவே ஓடாமல் சற்று ஒருபுறமாக ஒதுங்கி ஓடுவதைக் காணலாம். இதுவே தலையாய அடையாளம். இலையின் ஓரத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய பற்கள் உண்டு. வெறுங்கையால் இலையை உருவிப் பார்க்க வேண்டாம், விரல் அறுபடும்.

ஐயம் நீங்காவிட்டால் மண்ணைச் சற்றுத் தோண்டிப் பார்க்க வேண்டும். நம்மவர் லாலாங் வேர் என்று சொல்வது உண்மையில் வேரன்று. நிலத்தடியில் படர்ந்து செல்லும் தண்டாகும். கரும்பைச் சிறிதாக்கியது போல் வெண்ணிறமாகவும் கணுக்கணுவாகவும் இருக்கும். கணுக்களைப் பழுப்பு நிறச் செதில்கள் போர்த்தியிருக்கும். நுனியோ ஊசிபோல் கூர்மையானது. மண்ணில் குறுக்கே கிடக்கும் பிற செடிகளின் வேரையும் அது துளைத்துக்கொண்டு செல்லும். இத்தண்டைக் கண்டுவிட்டால் பின்னர் ஐயத்திற்கு இடமில்லை.

எருமைப் புல் போன்ற மென்மையான புற்களை லாலாங் என்று எண்ணி, கண்ட பசுமை அனைத்தின் மீதும் மருந்து தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எருமைப் புல்லின் கதிர் இரு கைகளை விரித்தாற்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதன் இலை குட்டையானது. தண்டு தரையோடு தரையாகப் படரும். மரத்தடியை விட்டு விலகி, நிரைகளுக்கிடையே இத்தகைய புல் சிறிது இருந்தால் அது மழைநீரில் மண் அரித்துச் செல்லாமல் காக்கும். அதனையும் சேர்த்துக் கொன்று மண்ணை மொட்டையாக்கினால், அவ்வெற்றிடத்தில் முதலில் வந்து அமர்வது லாலாங்கின் விதையாகத்தான் இருக்கும். இதைக் காட்டிலும் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும் முறை வேறில்லை என்பது நம் கருத்து.

ஒரு செடி 3,000 விதைகள் வரை உண்டாக்கக்கூடும். பஞ்சு போன்ற மயிரிழைகளோடு அவை காற்றில் நெடுந்தொலைவு பறந்து செல்லும். ஆனால் விதை முளைப்பதற்குத் திறந்த மண் வேண்டும். நிலத்தடித் தண்டிற்கோ அதுவும் வேண்டியதில்லை. ஓர் அங்குலத் துண்டில் உயிருள்ள கணு ஒன்று இருந்தால் போதும், அது தனிச் செடியாகிவிடும். இழுவை வண்டியின் சக்கரத்தில் ஒட்டிய மண்ணிலும், நாற்றங்காலில் பைகளை நிரப்பக் கொண்டுவரும் மண்ணிலும் அத்துண்டு பயணம் செய்யும். இவ்வகையில் அது சென்ற தொலைவு வியப்பிற்குரியது. 1912ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற்கு ஆரஞ்சுக் கன்றுகள் அனுப்பப்பட்டபோது, பெட்டிக்குள் கன்றுகள் அசையாதிருக்க இப்புல்லை வைத்து அடைத்திருந்தனர். பெட்டியைத் திறந்தவர்கள் புல்லை வெளியே எறிந்தனர். இன்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் அது பெருந்தொல்லையாகிவிட்டது.

இளமரத்திற்கு நேரும் கேடு

பால்மரம் வெட்டுக்கு வருவதற்கு அதன் அடிமரம் ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர் சுற்றளவு பருத்திருக்க வேண்டும் என்பதை வெட்டுத் தொழிலாளர் நன்கறிவர். நன்கு பேணப்பட்ட மரம் ஐந்து, ஆறு ஆண்டுகளில் அந்நிலையை எய்தும். கன்றைச் சுற்றி லாலாங் மண்டியிருந்தால் நீரையும் உரச்சத்தையும் அப்புல்லே முதலில் எடுத்துக்கொள்ளும். கன்றுக்கு இடும் உரம் புல்லுக்கு இட்ட உரமாகிவிடும். இலை வெளிறி, கிளை குன்றி, மரம் பருக்கும் காலம் நீளும். இது நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தோடு முடியும் நட்டம் அன்று. வெட்டுக்கு வராத நிலத்தில் பால்வெட்டும் வேலையும் இல்லை, அவ்வேலைக்குரிய வருமானமும் இல்லை.

நெருப்பு மற்றொரு கேடாகும். வறண்ட மாதங்களில் காய்ந்த லாலாங் ஒரு சிகரெட் துண்டினால் பற்றிக்கொள்ளும். இளங்கன்றுகள் கருகி மடியும். ஆனால் லாலாங்கின் தண்டு மண்ணுக்கடியில் நலமாக இருக்கும். எரிந்த சில நாட்களிலேயே கருகிய நிலத்தில் புதுத்தளிர் விட்டு, போட்டிக்கு வேறு செடியில்லாத இடத்தில் முன்னிலும் வேகமாகப் பரவும். எரிக்கப்பட்ட லாலாங் விரைந்து பூக்கவும் செய்யும். ஆகவே நெருப்பிட்டு லாலாங்கை ஒழிக்கலாம் என்பார் பேச்சைக் கேட்க வேண்டாம். திறந்தவெளி எரிப்பு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

அடக்கும் வழிகள்

வெட்டுவதால் பயனில்லையா என்று கேட்கலாம். ஓரிரு முறை வெட்டுவதால் பயனில்லை. இலையை இழந்த தண்டு தன்னிடம் சேர்த்து வைத்துள்ள உணவைக் கொண்டு புது இலையை அனுப்பும். அச்சேமிப்பு தீரும்வரை இடைவிடாது வெட்டிக்கொண்டிருக்க ஆட்களும் இல்லை, காலமும் இல்லை. தோண்டி எடுப்பது சிறிய இடத்திற்கு நல்ல முறை. பெரும்பாலான தண்டுகள் மேல்மண்ணில் 15 அல்லது 20 சென்டிமீட்டர் ஆழத்திற்குள் இருக்கும். இளகிய மணற்பாங்கான மண்ணில் 40 சென்டிமீட்டருக்கும் கீழே செல்வதுண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் மண்வெட்டி கொண்டு இதைத்தான் செய்தனர். புல் பூண்டு ஒன்றுமில்லாமல் நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்திற்கு இலக்கணம் என்று அக்காலத்தில் கருதப்பட்டது. லாலாங் குறைந்தது, அதனுடன் மேல்மண்ணும் மழையில் கரைந்து ஆற்றிற்குச் சென்றது. பின்னர் சோடியம் ஆர்செனைட் என்னும் பாஷாணக் கலவை வந்தது. அது மேய வந்த மாடுகளைக் கொன்றது. தெளித்தவர்களுக்கும் தீங்கு செய்தது. லாலாங்கை ஒழிக்கவோ பல சுற்றுகள் தெளிக்க வேண்டியிருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். களைக்கொல்லிகளில் பட்ட இடத்தை மட்டும் எரிப்பவை ஒருவகை. இலையில் பட்டு உள்ளே சென்று செடி முழுதும் பரவுபவை மற்றொரு வகை. பாராகுவாட் முதல் வகையைச் சேர்ந்தது. அதனைத் தெளித்தால் மறுநாளே இலை கருகும்; பார்ப்பவருக்கு வேலை முடிந்தாற்போல் தோன்றும். ஆனால் மருந்து தண்டிற்கு இறங்குவதில்லையாதலால் லாலாங் மீண்டும் எழும். மனித உயிருக்குப் பெருங்கேடு விளைவிக்கும் அம்மருந்து நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய கலம் எங்கேனும் மூலையில் கிடந்தால் அதனைத் தொடாமல் நிர்வாகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

1974ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் இரண்டாம் வகையாகும். இலையில் உண்டாகும் உணவு எவ்வழியே நிலத்தடித் தண்டிற்குச் செல்கிறதோ, அவ்வழியே இம்மருந்தும் இறங்குகிறது. லாலாங்கை அதன் மறைவிடத்திலேயே தாக்குவதால்தான் இது தோட்டங்களில் இடம்பெற்றது. ஆனால் அது வேலை செய்யும் முறையை அறிந்து தெளித்தால்தான் பயன் கிட்டும். புல் பசுமையாகவும் செழிப்பாகவும், முழங்காலளவேனும் வளர்ந்தும் இருக்க வேண்டும். இலை இல்லையேல் மருந்து இறங்க வழியில்லை. வறட்சியில் வாடிய புல்லுக்கும் அப்போதுதான் வெட்டிய புல்லுக்கும் தெளிப்பது வீண். கலப்பதற்குத் தெளிந்த நீர் வேண்டும். சேற்றுநீரின் களிமண் மருந்தைப் பற்றிக்கொண்டு அதன் ஆற்றலைப் போக்கிவிடும். தெளித்தபின் சுமார் ஆறு மணி நேரம் மழை பெய்யாதிருப்பது நன்று. நம் நாட்டில் பிற்பகல் மழை வழக்கமாதலால், காலையில் பனி உலர்ந்ததும் தொடங்குவதே அறிவுடைமை.

தெளித்த மறுநாள் புல் பசுமையாகவே நிற்கும். மூன்றாம் நாளும் அப்படியே நிற்கும். "மருந்தில் சாரமில்லை" என்று சலித்து மறுபடியும் தெளிப்பதோ, கத்தியை எடுத்து வெட்டிவிடுவதோ கூடாது. இலை மஞ்சளிக்க ஒரு வாரத்திற்கு மேலும், தண்டு மடிய அதற்குப் பின் இன்னும் சில வாரங்களும் ஆகலாம். இப்பொறுமைதான் இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி போலும்! இளம் ரப்பர்க் கன்றின் பச்சைப் பட்டையிலும் இலையிலும் இம்மருந்து படலாகாது. பட்டால் கன்றும் புல்லைப் போலவே மடியும்.

முதல் தெளிப்பிற்குப் பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதுத்தளிர்கள் எழும். தோட்டங்கள் பலவற்றில் வேலை கெடுவது இவ்விடத்தில்தான். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டதே என்று எஞ்சியதை விட்டுவிட்டால் ஓராண்டில் பழைய நிலை திரும்பும். எஞ்சிய இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். மருந்து நனைத்த துணி அல்லது பஞ்சுறையால் இலையை அடியிலிருந்து நுனிவரை உருவுவதே துடைப்பு முறை. மருந்து ஊடுருவாத கையுறை அணிந்தே இதனைச் செய்ய வேண்டும். வெறும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு துடைத்த பழைய வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். மாதந்தோறும் ஒரு சுற்று நடந்து, கண்ட இலையைத் துடைத்து வந்தால் லாலாங் தலையெடுக்காது. மருந்தும் சிறிதளவே செலவாகும்.

தெளிப்போர் கவனத்திற்கு

நமது தோட்டங்களில் மருந்து தெளிக்கும் வேலை நெடுங்காலமாகத் தாய்மார்களின் தோளில் சுமத்தப்பட்டு வந்துள்ளது. ஆகவே இப்பகுதியை அவர்கள் படித்தும், படிக்க இயலாதவர்களுக்குப் படித்துக்காட்டியும் உதவ வேண்டுகிறோம்.

மருந்துக் கலத்தின் சீட்டில் உள்ள நிறப்பட்டையை முதலில் பார்க்கவும். நமது நாட்டில் கறுப்பும் சிவப்பும் மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். அடுத்து மஞ்சள், அதனினும் குறைந்தது நீலம், இறுதியில் வெள்ளை. நீலமோ வெள்ளையோ என்றால் தீங்கே இல்லை என்று பொருளன்று. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என 2015ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. வேறு சில நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. அறிஞர்களின் வாதம் ஒருபுறம் இருக்க, உடலில் படாமல் வேலை செய்வதற்கு அவ்வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கையுறை, கணுக்காலுக்கு மேல் உயர்ந்த ரப்பர்க் காலணி, நீண்ட கைச்சட்டை, மேலுறை, கண்ணாடி, முகக்கவசம் ஆகியவை வேண்டும். கலப்பவர் கைக்குத்தான் மருந்து செறிவாகப் படும் என்பதால் கலக்கும்போது கூடுதல் கவனம் தேவை. காற்று முதுகுப்புறம் வீசும்படி நின்று தெளிக்கவும். தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதலாகாது. வேலை முடிந்ததும் குளித்து, அவ்வுடையைக் குழந்தைகளின் உடையோடு சேர்க்காமல் தனியே துவைக்கவும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையை மேற்பார்வையாளரிடம் கூறி வேறு வேலை கேட்டுப் பெறவும். வெயிலில் முகக்கவசம் மூச்சை முட்டும் என்பதை நாம் அறியாமலில்லை. காலை வேளையில் தெளிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இக்காப்புப் பொருள்களை முதலாளி தம் செலவிலேயே தர வேண்டும். அவற்றிற்காகத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்தம் செய்ய 1994ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இடந்தரவில்லை. உயிருக்கோ உடலுக்கோ உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாகக் கருதும் நிலையில், அவ்வபாயத்தை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையும் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி தொழிலாளிக்கு உண்டு.

மூடுபயிரும் நிழலும்

மருந்து லாலாங்கைக் கொல்லும். ஆனால் அது விட்டுச் சென்ற இடத்தை மருந்து நிரப்பாது. அவ்விடத்தை மூடுபயிர் நிரப்ப வேண்டும். பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய அவரையினக் கொடிகள் நெடுங்காலமாக நம் தோட்டங்களில் விதைக்கப்படுகின்றன. முக்குனா பிராக்டியாட்டா என்னும் கொடி பின்னாளில் வந்தது. இவை தரையை மூடி லாலாங்கிற்கு வெயில் கிட்டாமல் செய்வதோடு, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. கொடி கன்றின்மீது ஏறி அதனை நெரிக்காதவாறு அடிமரத்தைச் சுற்றி வட்டமாகச் சுத்தம் செய்து வருவது அவசியம். முக்குனா மிக வேகமாக வளரும். ஒரு மாதம் கவனிக்காவிட்டால் கன்று எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

சொந்தத்தில் சிறு நிலம் வைத்திருப்போர் மருந்து வாங்காமலும் ஒரு வழியைக் கையாளலாம். மழைக்காலத்தில், ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த லாலாங்கை வெட்டாமல், பலகையை வைத்து மிதித்து ஒரே திசையில் சாய்த்துவிட வேண்டும். புல் முறிந்தும் முறியாமலும் படுத்து, தன் நிழலாலேயே தன்னை வாட்டிக்கொள்ளும். சில வாரங்கள் கழித்து மறுபடியும் மிதிக்க வேண்டும். இடையிடையே மூடுபயிர் விதையை ஊன்றினால் அது சாய்ந்த புல்லின் மேல் படர்ந்து மூடிக்கொள்ளும். இம்முறை பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய நாட்டுச் சிறு விவசாயிகளிடையே வழக்கில் இருந்து வருகிறது.

ஐந்தாறு ஆண்டுகளில் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் கவிந்ததும் நிரைகளுக்குள் லாலாங் தானாகவே மெலிந்து மறையும். அதன்பின் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: சாலையோரம், எல்லைக் கால்வாய், மின்கம்பி செல்லும் வழி, புயற்காற்றில் மரம் சாய்ந்த இடம், வெள்ளை வேர்நோயால் மரங்கள் பட்டுப்போன திட்டு. இவ்விடங்களில் வெயில் விழும். வெயில் விழுந்தால் லாலாங் வரும். பால்வெட்டச் செல்பவர் அத்தகைய திட்டைக் கண்டால் மறுநாள் பெரட்டில் மேற்பார்வையாளரிடம் நிரை எண்ணோடு சொல்லிவிடலாம். நான்கைந்து செடிகளேயாயின் மண்வெட்டியால் தோண்டி எடுத்துவிடலாம். தோண்டிய தண்டுகளைக் கால்வாயில் எறியலாகாது. நீரோடு சென்று வேறோர் இடத்தில் முளைக்கும். வெயில் நன்கு படும் பாறை அல்லது மரக்கட்டையின் மேல், மண்ணில் படாதவாறு பரப்பி, நொறுங்கும் அளவிற்குக் காய்ந்த பிறகே அவற்றை அகற்ற வேண்டும்.